காலை நீட்டிப் போன வண்டி

அந்த வண்டியைப் பார்த்து முதலில் சிரித்தவள் நான்தான். அதற்குப் பிறகு சிரித்தவர்களை எல்லாம் நிற்கவைத்துத் திட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் வயதானவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த விஷயம் இது. இப்போது இருக்கிற கம்பெனிகள், புகைக்கூண்டுகள் எதுவும் அன்றைக்குக் கிடையாது. ரயிலடி, கடைத்தெரு, நெல்லூர் போகிற ஜி.என்.டி. ரோடு, ரோடு வளைகிற இடத்தில் ஒரு ரைஸ் மில். எங்கள் பிழைப்பு அந்த மில்லில்தான். என் வீட்டுக்காரர் அங்கே மூட்டை தூக்கினார். ஒருநாள் சுவரோரம் அடுக்கியிருந்த நெல்மூட்டைகள் சரிந்து அவர் இடுப்பின் மேல் விழுந்தன. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தார். திரும்பி வந்தபோது நடந்துதான் வந்தார். ஆனால் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் முகம் வெளுத்துவிடும். சைக்கிள் சீட்டில் உட்காரவே முடியாது. சாய்ந்து படுத்தால் மட்டும் வலி விடும்.

மூட்டை தூக்கின மனிதர் இனிமேல் என்ன வேலை செய்வது? மில் முதலாளியிடம் போய் நின்றோம். அவரை ஊரே நைனா என்று கூப்பிடும். வெள்ளைச் சட்டை, ஜரிகைத் துண்டு, மில் வாசலில் பிரம்பு நாற்காலி. மழையோ வெயிலோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது மில்லில் ஸ்டேஷன் வேலை ஒன்று காலியாக இருந்தது. கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் என்று ரயிலடி ரயிலடியாகப் போய் வேகன் வந்ததா, அரிசி ஏறியதா என்று பார்த்து ரசீது வாங்கி வரவேண்டும். சைக்கிள் வேலை.

"இன்னா நீ, சீட்டுல குந்தவே முடியலன்றே, ஸ்டேஷன் வேலைய கேக்குறே?" என்றார் நைனா. கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவர் மில் மூட்டை விழுந்துதானே இடுப்பு போனது, அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

வேலை கிடைக்காவிட்டால் ஆர்.கே.பேட்டையில் என் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். என் அண்ணி சோறு போடுவாள், போட்ட சோற்றை ஊருக்கே சொல்லியும் காட்டுவாள். அங்கே போவதைவிடக் கிணற்றில் விழலாம் என்று எனக்கு இருந்தது. அவருக்கும் அதே நினைப்புதான். வாய்விட்டுச் சொல்லாத மனிதர், அவ்வளவுதான்.

கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் பழவேற்காட்டுக்காரர். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று பொட்டலக் காகிதமாக அவர் கைக்கு வந்திருக்கிறது. அதில் ஒருவன் படுத்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிற படம். "ஒக்கார முடியலன்னா இன்னா, படுத்துக்கினு ஓட்டு" என்று பாய் கிளம்பிவிட்டார். உடைந்த சைக்கிள்கள் இரண்டை வெட்டி ஒட்டினார். முன்னால் ஒரு சின்னச் சக்கரம், அதற்கும் முன்னால் மிதி. இரண்டு சங்கிலியைச் சேர்த்து ஒரே நீளச் சங்கிலி ஆக்கினார். சாய்வு நாற்காலித் துணியை இழுத்துக் கட்டி முதுகுக்கு வைத்தார். கால் வழுக்காமல் இருக்க மிதியில் டியூப் ரப்பரால் இரண்டு வளையம். கைப்பிடி தொடைக்குப் பக்கத்தில், கீழே.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா பாய் இது, கட்டிலுக்கு சக்கரம் வெச்சிட்டியா?"

"சிரிம்மா, சிரி. ஓட்டினப்புறம் வந்து சொல்லு" என்றார் பாய்.

ஓட்டினார். முதல் நாள் கடையைத் தாண்டுவதற்குள் விழுந்தார். அடுத்த நாளும் விழுந்தார். அந்த வண்டியில் கிளம்புவதுதான் பெரிய பாடு. யாராவது பின்னால் பிடித்துக்கொண்டு, கொஞ்சதூரம் ஓடித் தள்ளிவிட வேண்டும். பாய்க்குக் கடையை விட்டு வர முடியாது. ஆகவே நான் தள்ளினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விடிந்தும் விடியாத நேரத்தில், ஆரம்பாக்கம் போகிற ரோட்டில் புருஷனைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஊர்ப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி காறித் துப்பி, "மல்லாக்கப் படுத்துக்கினு கால நீட்டிக்கினு போறான், பொணம் போறாப்ல" என்றாள். நான் சும்மா விடுவேனா? அவள் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்த வார்த்தை ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

பழகப் பழக வண்டி பறந்தது. பொய் சொல்லவில்லை. தரையோடு தரையாகப் போவதால் எதிர்க்காற்று அவரை ஒன்றும் செய்யவில்லை. கடற்காற்று அடிக்கிற நாளில் மற்ற சைக்கிள்காரர்கள் எழுந்து நின்று மிதித்துத் திணறுவார்கள். இவர் பாட்டுக்குச் சாய்ந்துகொண்டு அவர்களைத் தாண்டிப் போவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ரோட்டில்தான்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதிரே யாராவது பெரியவர் வந்தால் வளையத்திலிருந்து காலை உருவி மடக்கிக்கொள்வார். வண்டி தள்ளாடும், வேகம் செத்துப் போகும். என்ன செய்வது, அந்த வண்டியில் காலை நீட்டாமல் போக வழியில்லை. உள்ளங்கால் இரண்டும் எதிரே வருகிறவர் முகத்துக்கு நேராக இருக்கும். அவர் வளர்ந்த விதம் அப்படி. வீட்டுக்குப் பெரியவர் யாராவது வந்தால் சாய்ந்து கிடக்கிறவர் இடுப்பு வலியோடு எழுந்து காலை மடக்கி உட்காருவார்.

"எதிர்க்க வர்ற கெழவனுக்கெல்லாம் கால மடக்கினா எப்பய்யா ஊரு போய் சேர்றது?" என்று கத்துவேன்.

"பழக்கம் மே. இன்னா பண்ண சொல்றே?" என்பார்.

காணும் பொங்கலன்று ஊர் வாலிபர் சங்கம் சைக்கிள் பந்தயம் வைக்கும். ஜி.என்.டி. ரோட்டில் நெல்லூர் லாரியும் மாட்டு வண்டியும் போய்க்கொண்டே இருக்கும். கும்பலாக விட்டால் யாராவது எதிலாவது போய் முட்டிக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள். ரிட்டயர் ஆன ரயில்வே கார்டு ஒருவர் தன் பாக்கெட் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். மதகு வரைக்கும் போய், அங்கே வைத்திருக்கும் சுண்ணாம்பு அடித்த டின்னைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். யார் குறைந்த நேரத்தில் வந்தாரோ அவருக்கு ஜெயம்.

மாலை போடுகிறவர் நைனா. பாய் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டார். "நைனா, ஒங்க ஆளு பந்தயத்துல ஓட்டப் போறாரு. ஜெயிச்சா ஸ்டேஷன் வேலைய குடுக்குறீங்களா?"

நைனாவுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "ஜெயிக்கட்டும். வேலை அவனுக்குதான்" என்றார் நாலுபேர் முன்னால்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டுக்கு ஓட்டுகிறவர்கள் தோற்றால் வீட்டுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிடுவார்கள். நாங்கள் தோற்றால் மூட்டை கட்டவேண்டும்.

பொங்கலுக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட்டுப் பக்கம் ஓட்டம் வைத்து, நல்லா ஓட்டினவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். முதல் வாரம் இவர் டின்னைச் சுற்றும்போது கவிழ்ந்தார். முழங்கை தோல் உரிந்து வந்தார். பால்காரர் ஒருவர் இருந்தார், கேனைக் கட்டிக்கொண்டே லாரியை முந்துகிறவர். போன வருஷம் ஜெயித்தவர் அவர்தான். "இது சைக்கிளே கெடையாது, இத்த ஓட்ட உடக்கூடாது" என்று சங்கத்தாரிடம் சண்டை போட்டார்.

"ரெண்டு சக்கரம் கீதா? மனுசன்தானே மிதிக்கிறான்? அப்புறம் இன்னா ஒனக்கு பேஜாரு?" என்று நான் போய் நின்றேன். பொம்பளையோடு எவன் வாயாடுவான் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் டின்னை அகலமாகச் சுற்றி வந்தார். கார்டு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார், ஓடுகிறதா என்று. பால்காரரைவிடக் குறைவான நேரம். பாய் அன்றைக்குக் கடைத்தெரு முழுக்க நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். மூட்டை கட்ட வேண்டாம் என்று தைரியம் வந்துவிட்டது.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு விஷயம் தோன்றவே இல்லை. ரயில்வே கேட்டில் கார்டு ரோட்டோரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெறும் ரோடு. இவர் காலை நீட்டிக்கொண்டு காலி ரோட்டைப் பார்த்துத்தான் வந்தார்.

காணும் பொங்கலன்று பந்தயம் மில் முன்னால். எங்கள் தெரு முடிந்து ரோட்டைத் தொடுகிற இடத்தில் கோடு போட்டிருந்தார்கள். புறப்படுவதும் அங்கேதான், வந்து சேர்வதும் அங்கேதான். கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு வளைகிறது. வளைவில் நேராக மில் வாசல். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலுக்குக் கீழே பிரம்பு நாற்காலி. அதில் நைனா. மதகுப் பக்கமிருந்து வருகிறவனுக்கு நேர் எதிரே அவர் முகம்.

கிளம்பும்போது எங்கள் முதுகு அவர் பக்கம் இருந்தது. அதனால் நான் அதை யோசிக்கவில்லை. கார்டு கையைத் தூக்கினார். நான் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தள்ளிட்டு நீ ஓரமா போய்டு மே. லாரி வரும்" என்றார் அவர்.

"நீ என்னப் பாக்காத. ரோட்டப் பாரு" என்றேன். கை இறங்கியது. என் உயிரெல்லாம் சேர்த்துத் தள்ளினேன்.

மதகு கண்ணுக்குத் தெரியாத தூரம். பால்காரர் முன்பே ஓட்டி முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். அவர் நேரத்தைச் சொல்லியிருந்தார்கள். கார்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாட்டு வண்டி மெல்ல ஓரம் போயிற்று. அதற்குப் பின்னாலிருந்து இவர் வந்தார். அப்படி ஒரு வேகத்தை நான் பழகின நாட்களில்கூடப் பார்த்ததில்லை. கார்டு தானாகவே எழுந்து நின்றுவிட்டார். "நெறைய நேரம் கீது, ஜெயிச்சிட்டான்யா" என்று கத்தினார். ஜனங்கள் விசிலடித்தார்கள். பால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கோடு கிட்டே வந்துவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. கண் பந்தல் பக்கம் போனது. எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று.

"வேண்டாய்யா! மிதி! மிதிய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

காலை உருவிவிட்டார். இரண்டு காலையும் மடக்கி வயிற்றோடு வைத்துக்கொண்டார். அந்த நிலையிலும் ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து நெற்றியில் வைத்து நைனாவுக்குக் கும்பிடு போட்டார். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. மறுபக்கம் ஆடியது. கோட்டுக்கு இந்தப் பக்கமே சாய்ந்து விழுந்தது. நான் ஓடினேன். யாரும் தொடக்கூடாது, தொட்டால் கணக்கில் வராது என்று சங்கத்தார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்த முடியாமல் நிறுத்தினார். நொண்டி நொண்டி அதை உருட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். கார்டு கடிகாரத்தை மூடிப் பையில் போட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பால்காரர் கழுத்தில் மாலை விழுந்தது. நான் நடுரோட்டில் நின்று என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன். "இன்னாய்யா பண்ணே? பைத்தியமாய்யா ஒனக்கு?"

அவர் மெதுவாகச் சொன்னார். "நைனா மூஞ்சிக்கு நேரா கால நீட்டிக்கினு எப்பிடி மே போறது? நாளைக்கு அவருகிட்டதானே வேலை பாக்கணும்."

"நைனா மூட்டதானேய்யா ஒன் இடுப்ப ஒடச்சிது!" என்றேன். பந்தல் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். கேட்டிருக்கும். நைனா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாய் வண்டியின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் யோசிச்சேன். முதுக காட்டிக்கினு வர்ற மாதிரி ஒரு வண்டி செய்யணும்னு தோணாம போச்சே" என்றார். சிரிக்கிற மாதிரி சொன்னார். கண் கலங்கியிருந்தது.

நைனா எங்களைப் பந்தலுக்குக் கூப்பிட்டார். நான் வரமாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நைனா கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "ஜெயிக்கிறவன் எங்க வேணா கெடைப்பான். மரியாத தெரிஞ்சவன் கெடைக்கமாட்டான். ஜெயிச்சது பால்காரரு, ஸ்டேஷன் வேலை அவரு கூடப்பொறந்த தம்பிக்கு. இவன் இங்கயே, என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும். கேட்டு வாட்ச்மேன்." ஜனங்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் குனிந்து கும்பிட்டார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆர்.கே.பேட்டைக்குப் போக வேண்டாம் இல்லையா? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் ஓரளவுதான். கைதட்டினவர்கள்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வாட்ச்மேன் என்றால் நிற்கவேண்டும். லாரி வந்தால் கேட்டைத் திறந்து நிற்க வேண்டும், போனால் மூடி நிற்க வேண்டும். நைனா நாற்காலியில் இருக்கிறவரை உட்காரவே கூடாது. நிற்க முடியாத மனிதருக்கு நிற்கிற வேலை. கொஞ்ச நாள் படுக்கிற வண்டியிலேயே வேலைக்குப் போய் வந்தார். அதையும் மில் முன்னால் கொண்டுவர வேண்டாம், பார்க்க அபசகுனமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வண்டி வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் கிடந்தது. நாற்காலித் துணி மக்கிப்போயிற்று. சங்கிலியைப் பாய் வந்து கழற்றி எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்தார். எதற்கு பாய் என்று கேட்டேன். "இருக்கட்டும் தங்கச்சி" என்றார்.

சாயங்காலம் அவர் வந்தால் நான் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பேன். "வேலைய உட்டுடுய்யா. அண்ணி பேச்ச கேட்டுக்கினாவது இருக்கலாம்" என்பேன். "நல்ல வேலை மே. நைனா நல்லா பாத்துக்கிறாரு" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார். முதலில் ஒரு கால் மரத்துப்போயிற்று. அப்புறம் காய்ச்சல் வந்து வந்து போயிற்று. அந்த ஐம்பதுகள் முடிவதற்குள் அவரும் முடிந்துபோனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சரிந்தார் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் சுடுகாடு மில்லைத் தாண்டி இருக்கிறது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அன்றைக்குக் கோடு போட்டார்களே, அதே இடம். அவரைக் கால் முன்னால் இருக்கும்படிதான் தூக்கினார்கள், எங்கள் பக்கம் வழக்கம் அது. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். பாய் தோள் கொடுக்க முடியாமல் பின்னால் நடந்துகொண்டிருந்தார். மோளம் அடித்துக்கொண்டு ரோட்டில் ஏறித் திரும்பினார்கள்.

நைனா வாசலில்தான் இருந்தார். அதே பிரம்பு நாற்காலி. இவருடைய உள்ளங்கால் இரண்டும் நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு போயின. மஞ்சள் பூசிய காலை நான் தெருமுனையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நைனா எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நாற்காலியைத் தானே பிடித்து இழுத்து ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அதுவரைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. அப்போதுதான் வந்தது. அழுகையோடு சேர்ந்து சத்தமும் வந்தது.

"மடக்காதய்யா! அப்பிடியே போ! அப்பிடியே போய்யா!"

துக்கத்தில் என்னமோ உளறுகிறாள் என்று பெண்கள் என்னைப் பிடித்து இழுத்து வீட்டுக்குள்ளே கொண்டுபோனார்கள்.